மண்ணும் சூளையும்: அங்காராவிலிருந்து கிரீட் வரை

முதல் நாள் – அங்காரா

இரண்டு வருடமாகச் சக்கரத்தில் உட்கார்கிறேன். வனைவது ஓரளவு கைக்கு வந்துவிட்டது. சூளைதான் இன்னும் பிடிபடவில்லை. கடைசியாகச் சுட்ட பன்னிரண்டு கலங்களில் ஐந்து விரிசல் கண்டன. இரண்டில் நான் எதிர்பார்த்த சிவப்பு வராமல் திட்டுத் திட்டாகச் சாம்பல் நிறம் ஏறியிருந்தது. என்னிடம் வெப்பமானி இருக்கிறது. பழங்காலத்துக் குயவர்களிடம் கண்ணும் காதும் மூக்கும்தான் இருந்தன. அவர்கள் எப்படித் தீயைக் கட்டுக்குள் வைத்தார்கள் என்பதை அவர்கள் சுட்ட பொருள்களிடமே கேட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டேன். துருக்கியில் தொடங்கி, ஏதென்ஸ் வழியாக, கிரீட் தீவு வரை எட்டு நாள். தினமும் இரவில் எழுதிவிட வேண்டும் என்று எண்ணம்.

அங்காராவின் அனத்தோலிய நாகரிகங்களின் அருங்காட்சியகம் கோட்டைச் சரிவில் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான்கள் கட்டிய மூடிய சந்தையையும் சத்திரத்தையும் சேர்த்து அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். காலவரிசைப்படி நடந்தால் கற்காலத்தில் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். நான் முதல் கூடத்தைத் தாண்டவே மதியம் ஆகிவிட்டது.

காரணம், சத்தல்ஹூயுக். ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் மக்கள் நெருக்கி நெருக்கி வீடு கட்டி, கூரை வழியாக ஏறி இறங்கி வாழ்ந்த ஊர். 1961இல் கிடைத்த, இருபுறமும் விலங்குகள் நிற்க நடுவே அமர்ந்திருக்கும் பெண்ணின் சுடுமண் சிலையைப் பார்க்கத்தான் எல்லாரும் வருகிறார்கள். நானும் பார்த்தேன். ஆனால் என் மனதைப் பிடித்துக்கொண்டது அந்த ஊரின் மண் உருண்டைகள்.

அங்கே ஆரம்ப காலத்தில் சமையல் பானை கிடையாது. கைக்கு அடங்கும் களிமண் உருண்டைகளை நெருப்பில் காய்ச்சி, அந்தச் சூட்டைக் கொண்டுதான் சமைத்திருக்கிறார்கள். முதலில் வந்த பானைகள் வைக்கோல் கலந்த தடித்த கலங்கள். அடுப்பில் நேராக ஏற்ற அவை தோதுப்படாது. சில நூற்றாண்டுகள் கழித்து, மணல் போன்ற கனிமத் துகள் கலந்த மெல்லிய சுவர்ப் பானைகள் வருகின்றன. அவை வந்தபின் மண் உருண்டைகள் குறைந்துவிடுகின்றன.

குயவருக்கு இது பெரிய செய்தி. வெறும் களிமண் உலரும்போது சுருங்கும், சூட்டில் சட்டென்று விரிசல் விடும். மணலோ நொறுக்கிய கல்லோ சேர்த்தால் சுருக்கம் குறையும், ஈரம் வெளியேற வழி கிடைக்கும், தீயின் அதிர்ச்சியையும் சுவர் தாங்கும். யாரோ ஒருவர் மண்ணில் என்ன சேர்ப்பது என்பதை மாற்றியதும் வீட்டு வேலையே மாறியிருக்கிறது. உருண்டையைக் காய்ச்சி, போட்டு, எடுத்து, மறுபடி காய்ச்சிக்கொண்டு ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டாம். பானையை ஏற்றிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். அந்த முதல் பானையை இறக்கி வைத்தவரை நினைத்துக்கொண்டே வெகுநேரம் அங்கே நின்றேன்.

மண்ணைச் சுடுவது சத்தல்ஹூயுக்கை விட மிகப் பழையது. செக் நாட்டின் தோல்னி வெஸ்தோனித்சேயில் 1925இல் கிடைத்த சிறிய பெண் உருவம் 25,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அதன் முதுகில் ஒரு குழந்தையின் விரல் ரேகை பதிந்திருக்கிறது. கலம் என்று பார்த்தால் சீனாவின் சியான்ரென்தோங் குகையில் கிடைத்த ஓடுகளுக்கு ஏறத்தாழ 20,000 வயது. வேளாண்மை தொடங்குவதற்கு எவ்வளவோ முன்பே, வேட்டையாடித் திரிந்தவர்கள் செய்த பானைகள் அவை.

இரண்டாம் நாள் – மீண்டும் அங்காரா

இன்று, பழங்காலத்தில் இந்த நிலத்தை ஆண்ட ஹிட்டைட்டுகளின் கூடம். இனாந்திக் கலம் என் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது, 82 செ.மீ. கி.மு. 1600 வாக்கில் செய்தது. உடலைச் சுற்றி நான்கு வரிசையாகப் புடைப்பு உருவங்கள்: யாழ் வாசிப்பவர்கள், தாளம் தட்டுபவர்கள், சமைப்பவர்கள், ஒரு திருமணச் சடங்கு. விளிம்பின் உட்புறம் ஒரு காளைத் தலை இருக்கிறது. மேலே ஊற்றும் பானம் அதன் வாய் வழியாகக் கலத்துக்குள் இறங்கும்.

உருவங்களை விட எனக்கு அந்த வேலையின் அபாயம்தான் தெரிந்தது. சுவர் ஒரு தடிமன், அதன்மேல் ஒட்டிய உருவம் இன்னொரு தடிமன். இரண்டும் ஒரே வேகத்தில் உலராவிட்டால் ஒட்டு பிரிந்துவிடும். எத்தனை நாள் ஈரத்துணி போர்த்தி மெதுவாக உலர்த்தியிருப்பார்கள்!

கூல்தெப்பேயிலிருந்து வந்த, பறவையின் அலகு போல மூக்கு நீண்ட சிவப்புக் குடுவைகளும் இங்கே இருக்கின்றன. உலோகம் போல மின்னுகின்றன. கண்ணாடிப் பூச்சு எதுவும் இல்லை. அரைகுறையாய் உலர்ந்த மேற்பரப்பை வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த மெருகு. தேய்க்கும்போது மண்ணின் தட்டையான துகள்கள் ஒரே திசையில் படிந்துவிடும், வெளிச்சம் சீராகத் திரும்பும். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் கல் போன தடம் கோடு கோடாகத் தெரிகிறது. நாலாயிரம் வருடத்துக்கு முந்தைய மணிக்கட்டின் அசைவு அது.

அதே ஊரின் களிமண் கடிதங்களையும் பார்த்தேன். அசீரிய வணிகர்கள் எழுதியவை. கடிதமும் மண், அதைப் பொதிந்த உறையும் மண். உறையின்மேல் முத்திரை. படிக்க வேண்டுமானால் உடைக்க வேண்டும். அங்கே இப்படி ஏறத்தாழ 23,000 பலகைகள் கிடைத்திருக்கின்றன.

மூன்றாம் நாள் – அவனோஸ்

கப்பதோக்கியாவில் எல்லாரும் பலூன் ஏறப் போகிறார்கள். நான் ஆற்றங்கரைக்குப் போனேன். கிசிலிர்மாக் என்றால் சிவப்பு ஆறு. பெயருக்கேற்றபடி தண்ணீரே செம்மண் நிறம். கரையில் உள்ள அவனோஸ் நகரம் தலைமுறை தலைமுறையாகக் குயவர்களின் ஊர்.

ஒரு முதிய குயவரின் பட்டறையில் நாள் முழுக்க உட்கார அனுமதி கிடைத்தது. இங்கே தொழில் தெரிந்தவரை 'உஸ்தா' என்கிறார்கள். அவர் துருக்கியில் சொல்ல, பேத்தி ஆங்கிலத்தில் சொல்ல, எனக்குப் பாதி வார்த்தையிலும் பாதி கையசைவிலும் புரிந்தது.

காலால் உதைக்கும் சக்கரம். கீழே கனத்த வட்டு, மேலே சின்னத் தட்டு, நடுவே அச்சு. என்னையும் உட்கார வைத்தார். மின்சக்கரத்தில் பழகிய எனக்கு, கால் ஒரு தாளத்திலும் கை இன்னொன்றிலும் இருப்பது அரை மணி நேரம் வரை ஒத்துவரவே இல்லை. அப்புறம் ஒரு கணத்தில் ஒத்துவந்தது. சக்கரம் வேகம் குறையக் குறைய மண்ணும் அடங்குகிறது. உதைக்க வேண்டிய நேரத்தை மண்ணே சொல்லிவிடுகிறது.

அவர் எனக்காக வளையல் போல நடுவில் ஓட்டையுள்ள குடுவை ஒன்றை வனைந்து காட்டினார். ஹிட்டைட் காலத்து வடிவம் என்று இங்கே சொல்கிறார்கள். அந்த ஓட்டைக்குள் கையை விட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு ஊற்றலாம். ஒரே இழுப்பில் சக்கரத்தின்மேல் உள்ளீடற்ற ஒரு வளையம் எழுந்து, மடிந்து, மூடிக்கொண்டது. நான் கைபேசியை எடுக்கவே மறந்துவிட்டேன்.

மதியம் என் விரிசல் விட்ட கலங்களின் படங்களைக் காட்டினேன். விரல் நுனியால் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு பேத்தியிடம் ஏதோ கேட்டார்.

“சூளையை எப்போது திறந்தீர்கள் என்று கேட்கிறார்.”

“மறுநாள் காலையில். உள்ளே கொஞ்சம் சூடு இருந்தது.”

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். விரிசலின் ஓரம் கத்தியால் வெட்டியது போலக் கூர்மையாக இருந்தால் அது ஆறும்போது வந்தது, ஓரம் மழுங்கி வாய் பிளந்திருந்தால் ஏறும்போது வந்தது என்று சொன்னார். என்னுடையவை எல்லாம் கூரானவை. மண்ணில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸ் வாக்கில் சட்டென்று அளவு மாறும் என்பதை நான் படித்திருக்கிறேன். ஏறும்போது விரியும், இறங்கும்போது சுருங்கும். அந்த இடத்தை அவசரமாகக் கடந்தால் கலம் தாங்காது. அதற்குக் கீழேயும் குளிர்காற்று திடீரென்று பட்டால் ஒருபுறம் முந்திச் சுருங்கும். படித்தது என் கைக்கு வரவில்லை. 573 என்ற எண் தெரியாமலே, “வீட்டுக்குப் போய்த் தூங்கு, இன்னொரு நாளும் தூங்கு” என்பதுதான் அவர் தன் உஸ்தாவிடம் கற்ற பாடம்.

வைக்கோலும் விறகும் போட்டுச் சுட்ட காலத்தில், தொடக்கத்தில் ஈரம் போய்விட்டதா என்று பார்க்கச் சூளையின் புகைவாயில் ஒரு கண்ணாடித் துண்டைப் பிடிப்பாராம். ஆவி படிந்தால் தீயைக் கூட்டக் கூடாது. அடுத்த முறை இதைச் செய்து பார்க்கப் போகிறேன்.

சாம்பல் திட்டுகளைப் பற்றியும் கேட்டேன். “காற்று” என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

நான்காம் நாள்

பயணத்திலேயே போய்விட்டது. கைசேரி, இஸ்தான்புல், ஏதென்ஸ். பையில் அந்த வளையக் குடுவை. இரண்டு விமானங்களிலும் அதை மடியில்தான் வைத்திருந்தேன். உடையவில்லை.

ஐந்தாம் நாள் – கெரமேய்கோஸ்

செராமிக் என்று உலகம் முழுவதும் சொல்கிற சொல்லின் வேர் கெரமோஸ். குயவர் மண் என்று பொருள். அதே வேரில் பெயர் பெற்ற குயவர் சேரி இந்த கெரமேய்கோஸ். எரிடானோஸ் என்ற சின்ன ஓடை இன்னும் இடிபாடுகளுக்கு நடுவே நாணல் முளைத்து ஓடுகிறது. ஓரத்தில் ஆமைகள். மண்ணும் தண்ணீரும் கிடைத்த இந்தத் தாழ்ந்த நிலத்தில் குயவர்கள் குடியேறினார்கள். இதே நிலம் ஏதென்ஸின் பெரிய இடுகாடும்கூட. நகரத்துக்குள் நுழையும் திப்பிலோன் வாசல் இங்கேதான்.

உள்ளே உள்ள சின்ன அருங்காட்சியகத்தில் பானை ஓட்டு வாக்குச் சீட்டுகள். நகருக்கு ஆபத்து என்று கருதிய ஒருவரைப் பத்து ஆண்டுகள் நாடு கடத்த, மக்கள் அவர் பெயரை உடைந்த பானை ஓட்டில் கீறிப் போடுவார்கள். ஓட்டுக்கு அவர்கள் சொன்ன பெயர் ஓஸ்த்ரகோன். இந்த ஓர் இடத்தில் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட ஓடுகள் கிடைத்திருக்கின்றன. மெகாக்ளீஸ், தெமிஸ்தோக்ளீஸ் என்று திரும்பத் திரும்ப அதே பெயர்கள். சில எழுத்து தெளிவு, சில கோணல். தமிழில் பானை ஓட்டையும் ஓடு என்கிறோம், வாக்கையும் ஓட்டு என்கிறோம். தொடர்பே இல்லாத இரு சொற்கள் இங்கே பக்கத்தில் வந்து நின்றதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் இன்று முழுக்க மனதில் ஓடியது கருப்பும் சிவப்பும். நாளைக்கு அதை எழுதுகிறேன்.

ஆறாம் நாள் – ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம்

முதலில் திப்பிலோன் கலம். கி.மு. 760–750 வாக்கில் ஒரு பெண்ணின் கல்லறைமேல் நட்டது. ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரம். நானே அதன் முன்னால் சற்றுத்தான் உயரம். சக்கரத்தில் ஒரே மூச்சில் இவ்வளவு உயரம் இழுக்க முடியாது. பகுதி பகுதியாக வனைந்து, அடிப்பகுதி எடை தாங்கும் அளவுக்கு இறுகியதும் மேலே ஒன்றை ஏற்றி ஒட்டியிருக்கிறார்கள். உடல் முழுக்கக் கோட்டு வரிகள். நடுவே இறந்தவளைக் கிடத்தி இருபுறமும் தலையில் கைவைத்து அழுபவர்கள். அழுகையை முக்கோணமும் கோடுமாகவே வரைந்திருக்கிறார்கள். ஆனாலும் தொண்டை அடைக்கிறது.

இதே திப்பிலோன் பகுதியில் 1871இல் கிடைத்த ஒரு மதுக் குடுவையும் இங்கே இருக்கிறது. கி.மு. 740 வாக்கிலானது. “ஆடுபவர்களில் யார் மிக மென்மையாக ஆடுகிறாரோ...” என்று தொடங்கும் வரி அதன் தோளில் கீறப்பட்டிருக்கிறது. கிரேக்க எழுத்தின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, ஓர் ஆட்டப் பரிசின்மேல்!

சரி, கருப்பும் சிவப்பும். கி.மு. 6ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் கலங்களில் பளபளக்கும் கருப்பு உருவம், செம்மண் நிறப் பின்னணி. கி.மு. 530–520 வாக்கில் தலைகீழாகி, பின்னணி கருப்பு, உருவம் சிவப்பு. கருப்புக்குத் தனியாக மை எதுவும் இல்லை. இரண்டும் இரும்புச்சத்துள்ள களிமண்தான். கருப்பு வர வேண்டிய இடத்தில் பூசியது, தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து எடுத்த மிக மிக நுண்ணிய களிமண் குழம்பு. பூசும்போது கண்ணுக்கு வேறுபாடு அதிகம் தெரியாது. ஓவியர் கிட்டத்தட்ட மண்மேல் மண்ணால் வரைந்தார். படத்தைத் தெரியவைத்தது தீ.

மூன்று கட்டம். முதலில் சூளைக்குள் காற்றை விட்டுச் சுட்டால் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து எல்லாம் சிவக்கும். அடுத்து காற்றுவழியை அடைத்து, பச்சை விறகைப் போட்டுப் புகைய விட்டால் எல்லாம் கருக்கும். 900 டிகிரியை ஒட்டிய அந்தச் சூட்டில் நுண்ணிய குழம்பு மட்டும் இறுகிக் கண்ணாடி போல மூடிக்கொள்ளும். கடைசியாக மறுபடி காற்றைத் திறந்தால், துளைகள் உள்ள உடல் காற்றை உறிஞ்சி மீண்டும் சிவக்கும். மூடிக்கொண்ட பூச்சுக்குள் காற்று புகாது. அது கருப்பாகவே நின்றுவிடும். நூற்றாண்டுகளாகப் புரியாமலிருந்த இந்த வித்தையை 1942இல் தியோடர் ஷூமான் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் விளக்கினார்.

இரண்டாம் கட்டம் போதுமா என்று வெளியே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். உடைந்த ஓட்டில் ஓட்டை போட்டு, குழம்பைப் பூசிச் சூளைக்குள் வைப்பது. நடுவில் கொக்கியால் ஒன்றை வெளியே இழுத்துப் பார்ப்பது. இப்படிச் சோதனைக்கு எடுத்த ஓடுகள் ஏதென்ஸ் அகழாய்வுகளில் கிடைத்திருக்கின்றன. கொரிந்துக்கு அருகே பென்தெஸ்கூஃபியாவில் கிடைத்த சுடுமண் பலகைகளில், குயவர் கையில் கொக்கியோடு சூளைமேல் நிற்கும் காட்சியே இருக்கிறது.

உஸ்தா சொன்ன “காற்று” எனக்கு இங்கேதான் முழுதாக விளங்கியது. என் சாம்பல் திட்டு என்பது கட்டுப்பாடில்லாத இரண்டாம் கட்டம். கலங்களை நெருக்கி அடுக்கியதால் சில இடங்களுக்குக் காற்று போகவில்லை. இதே கண்ணாடிப் பேழைகளில், கருப்பாக வேண்டிய இடத்தில் சிவந்துபோன திட்டுகளோடு சில ஏதென்ஸ் கலங்களும் இருக்கின்றன. அவர்களுக்கும் சில நாள் கை நழுவியிருக்கிறது.

இந்தக் காற்று வித்தை ஏதென்ஸுக்கு மட்டும் சொந்தமில்லை. கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு எகிப்தின் நகாடா கலங்களில் உடல் சிவப்பு, வாய் மட்டும் கருப்பு. தென்னிந்தியப் பெருங்கற்காலக் கலங்களில் உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்புறமும் விளிம்பும் கருத்தன என்பது அதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். நைல் கரையில் ஒருவர், தாமிரபரணிக் கரையில் ஒருவர், எரிடானோஸ் கரையில் ஒருவர். கலத்தின் எந்தப் பக்கத்துக்குக் காற்றைக் கொடுப்பது, எந்தப் பக்கத்துக்கு மறுப்பது என்ற ஒரே கேள்வியோடு மூவரும் சூளை முன் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெளியே வரும் வழியில் சோஃபிலோஸின் ஓடு. கி.மு. 580 வாக்கு. இலியட் காவியத்து வீரன் பத்ரோக்ளோஸின் நினைவாக நடந்த தேரோட்டத்தை வரைந்து, “சோஃபிலோஸ் என்னை வரைந்தான்” என்று எழுதியிருக்கிறான். கலமே பேசுகிறது. பெயர் தெரிந்த ஏதென்ஸ் கல ஓவியர்களில் மிகப் பழையவர்களில் அவன் ஒருவன். அந்தச் சூளைக்கு விறகு போட்டவரின் பெயர் எங்கும் இல்லை.

ஏழாம் நாள் – க்னோசோஸ், த்ராப்சானோ

கிரீட் தீவுக்கு வந்துவிட்டேன். காலையில் க்னோசோஸ், வெண்கலக் காலத்து அரண்மனை. மேற்குப் பக்கத்தில் நீள நீளமான பண்டக அறைகள் வரிசையாக, அவற்றில் ஆளுயரத் தாழிகள். எண்ணெயும் தானியமும் வைத்தவை. உடலெங்கும் கயிறு சுற்றியது போன்ற புடைப்பு வளையங்கள். கூட்டம் அதிகமாக இருந்தது, ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டேன்.

மதியம் த்ராப்சானோ. தாழி வனையும் கிராமம். முன்பெல்லாம் கோடைக்காலத்தில் இங்கிருந்து குழுக்களாகக் கிளம்பி, மண்ணும் விறகும் தண்ணீரும் உள்ள இடங்களில் தங்கி, தீவெங்கும் தாழி செய்து கொடுப்பார்களாம். தலைமைக் குயவர், சக்கரம் சுற்றுபவர், மண் பிசைபவர், விறகு கொண்டுவருபவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை.

செய்முறையைப் பார்த்ததும் திப்பிலோன் கலத்தின் முன் நின்றபோது எழுந்த கேள்விக்கு விடை கிடைத்தது. சின்னச் சக்கரங்கள் வரிசையாக நிற்கும். முதல் சக்கரத்தில் ஒரு வளையம் ஏற்றிவிட்டு இரண்டாவதுக்குப் போவார்கள், பிறகு மூன்றாவது. வரிசை முடிவதற்குள் முதலாவது கொஞ்சம் இறுகியிருக்கும். திரும்பி வந்து அடுத்த வளையம். காத்திருப்பதை வேலைக்குள்ளேயே அடுக்கிவிட்டார்கள். வளையங்கள் சேரும் இடத்தில் பட்டையாக மண் வைத்து அழுத்துகிறார்கள். காலையில் க்னோசோஸில் அலங்காரம் என்று நினைத்த புடைப்பு வளையங்கள் ஒட்டுக்கும் காவல் நின்றிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

எட்டாம் நாள் – ஹெராக்ளியோன்

கடைசி நாள், அருங்காட்சியகம். காமரேஸ் என்ற பழைய கிரீட் பாணிக் கிண்ணங்கள் முட்டை ஓடு போல மெல்லிசு, கருத்த பின்னணியில் வெள்ளையும் சிவப்பும் சுழல்கின்றன. பலைகாஸ்த்ரோவின் ஆக்டோபஸ் குடுவை கி.மு. 1500 வாக்கிலானது. எட்டுக் கைகளும் கலத்தின் வளைவைத் தழுவிப் போகின்றன. உருண்டையான உடலைப் பார்த்தே அந்த உயிரினத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் அதை வரைந்தவர்.

பிறகு ‘லீனியர் பி’ என்ற பழைய எழுத்தில் எழுதிய களிமண் பலகைகள். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்து, கிரேக்க மொழி என்று காட்டிய எழுத்து. ஆடு இத்தனை, எண்ணெய் இத்தனை என்று அரண்மனைக் கணக்கு. இவற்றை யாரும் சுடவில்லை. வெயிலில் உலர்த்திய பச்சை மண். வேலை முடிந்ததும் தண்ணீரில் ஊறவைத்தால் திரும்பக் களிமண்ணாகிவிடும். அரண்மனை எரிந்தபோது, அந்தத் தீயே சூளையாகி இவற்றைச் சுட்டுவிட்டது. ஏறத்தாழ 500, 600 டிகிரிக்கு மேல் மண்ணுக்குள் பிணைந்திருக்கும் தண்ணீரும் போய்விடும். அப்புறம் எத்தனை மழை பெய்தாலும் அது கரையாது. எட்டு நாளாக நான் பார்த்த தீயெல்லாம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்ட தீ. இது மட்டும் யாரும் பார்த்துக்கொள்ளாதது.

பலகைகளில் கைரேகைகளும் உள்ளங்கைப் பதிவுகளும் இருக்கின்றன. எழுதுவதற்கு முன் மண்ணைத் தட்டிச் சமப்படுத்தியவர்களின் கை. ஆய்வாளர்கள் அவற்றை அளந்து பார்த்ததில் சில குழந்தைகளுடையவை. எழுத்தர்களுக்குப் பலகை தட்டிக் கொடுத்த பிள்ளைகள்.

கண்ணாடிப் பேழையில் எழுத்துப் பக்கம்தான் மேலே தெரிகிறது. பின்பக்கம் தெரியுமா என்று குனிந்தும், எட்டியும், சுவரோரமாய் நின்றும் பார்த்தேன். தெரியவில்லை. ஒரு பலகையின் ஓரத்தில் மட்டும், விளக்கு சாய்வாகப் படும் இடத்தில், மண்ணை உள்ளே தள்ளிய ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. என் சுண்டுவிரலைப் பேழைக்கு வெளியே, அதன் நேராக வைத்துப் பார்த்தேன்.